தவக்கால வெள்ளியில் ஒரு சிக்கன் பர்கர்

என் அக்கா பிரின்சி செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையின் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதுதான் சரி. அங்கே உட்கார நாற்காலி கிடையாது. ப்ளஸ் டூ முடித்ததும் அவள் கடைக்குப் போனாள், அதனால் தங்கை நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கி என்ன தெரிந்துகொண்டேன் என்று கேட்டால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு முப்பத்தொரு வயது. அம்மா இல்லாத வீடு என்பதால் வரன் பார்ப்பது அப்பாவின் தங்கை டெபோரா அத்தைதான். ஒவ்வொரு முறை மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன மறுநாளும் தெருவில் "என்னாச்சு?" என்று கேட்பார்கள். போன வருஷத்திலிருந்து யாரும் கேட்பதில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் அவள் ஒரு வேண்டுதல் வைத்தாள். எங்கள் பங்குக் கோவிலில் பெரும்பாலோர் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கறி தொடமாட்டார்கள். அக்கா தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்தே கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டாள். ஈஸ்டருக்குள் ஒரு நல்ல இடம் அமைய வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

இடம் வந்தது. மோகனூர்க் குடும்பம், கத்தோலிக்கர்கள். பையன் ஜெனிஷுக்குப் பெங்களூரில் வேலை. அவன் அம்மா ரோசி, எங்கள் அத்தையிடம் போனில் சொன்னார்: "ஊட்டுக்கெல்லாம் வேண்டாங்க. பொது எடத்துல பாத்துக்கலாம். பையனுக்கு வெள்ளிக்கெழமதான் லீவு." கடையைத் தேர்ந்தெடுத்தது ஜெனிஷ். அஸ்தம்பட்டியில் இருக்கும் பர்கர் கடை.

அக்காவின் கடைப் பெண்கள் மதியச் சாப்பாட்டின்போது அந்தக் கடையின் ரீல்ஸைத்தான் பார்ப்பார்கள். கையளவு உயரம், ஓரத்தில் வழியும் சீஸ், கடிக்கும்போது கேட்கும் மொறுமொறு சத்தம். ஈஸ்டர் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து போவதாக அக்கா ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அத்தை, அக்கா, நான் மூவரும் போனோம். வாசலில் கூட்டம். உள்ளே ரோசியம்மா எழுந்து நின்று அக்காவின் கன்னத்தைத் தடவினார். "வா சாமி, பக்கத்துல உக்காரு." அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது.

ஜெனிஷ் மெனுவைப் பார்க்காமலே சொன்னான். "சிக்கன் சீஸ் பர்கர். இங்க அதான் ஃபேமஸ். எல்லாருக்கும் சொல்லிரவா?"

"வெஜ் இருக்குங்களா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

அவன் சிரித்தான். "பர்கர் கடைக்கு வந்துட்டு வெஜ்ஜா? வெள்ளிக்கிழமைங்கறதாலயா? ஐயோ, எனக்கு ரொம்ப பக்தியெல்லாம் செட் ஆகாதுங்க. அப்புறம் பெங்களூர்ல என்னையும் முட்டிபோட வெச்சிருவீங்க."

மேசைக்கடியில் அத்தையின் கால் அக்காவின் காலை மிதித்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதலில் தவறி என் காலைத்தான் மிதித்தாள்.

"சும்மா கேட்டேங்க," என்றாள் அக்கா. "சிக்கனே சொல்லுங்க."

"அம்மா, உனக்கு?"

"எனக்கு வவுறு சரியில்ல சாமி. உருளைக்கெழங்கு வறுவல் போதும். நீங்க சாப்புடுங்க."

அத்தையும் வயிற்றைக் காரணம் சொல்லி டீயோடு நிறுத்திக்கொண்டாள்.

பர்கர் வர வெகுநேரம் ஆனது. வந்தது உள்ளங்கைக்குள் அடங்கியது. பன் வறண்டு விரிசல் விட்டிருந்தது. சீஸ் உருகவே இல்லை, மஞ்சள் தாள்போல ஒட்டிக்கிடந்தது. நான் கடித்தேன். வெளியே கருகல், நடுவில் சில்லென்று இருந்தது. மயோனைஸில் சர்க்கரைத் தித்திப்பு. வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுவதில் எனக்கு ஒன்றுமில்லை. நான் அதையெல்லாம் நம்புவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் அக்கா கையில் எடுத்ததும் என் பர்கரைத் தட்டில் வைத்துவிட்டேன். அவளைத் தடுப்பதா? நம்பாத நான் எந்த முகத்தோடு தடுப்பது?

அவள் கண்ணை மூடாமல் கடித்தாள். வாயோரம் வழிந்த மயோனைஸை ரோசியம்மாவே டிஷ்யூவால் துடைத்துவிட்டார்.

"நல்லாருக்கா சாமி?"

"நல்லாருக்குங்கம்மா."

"முழுசாச் சாப்புடு. மிச்சம் வெக்காத."

முழுசாகச் சாப்பிட்டாள். ஜெனிஷ் பாதியில் தள்ளிவைத்தான். "வீடியோல பாத்த மாதிரி இல்லைல?" என்றான். வெளியே வந்ததும் அக்காவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அன்று மாலை சிலுவைப் பாதை ஜெபத்துக்கு அக்கா கோவிலுக்குள் வரவில்லை, வெளியே மரத்தடியிலேயே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அத்தை வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வேண்டாம்னுட்டாங்க."

அப்பா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்காதான் கேட்டாள். "ஏனாம்?"

"தவக்கால வெள்ளிக்கெழம சிக்கனைப் போட்டு அந்தக் கடி கடிக்குது, நாளைக்கு எங்க ஊட்டுல ஜெபமாலை சொல்லுமான்னு கேக்கறா அந்தம்மா. மொத வாய்லயே முடிவு பண்ணிட்டாளாம்."

"அவங்கதானே அத்தை முழுசாச் சாப்புடச் சொன்னாங்க?"

"நீ எப்புடித் திங்கறேன்னு பாக்கத்தான்."

"அவரும்தானே சாப்பிட்டாரு?"

"அவன் ஆம்பளடி. அவனை யாரு பாக்கப் போனா? உன்னைத்தானே பாக்க வந்தாங்க." அத்தை தண்ணீரை வாங்கிக் குடித்தாள். "அவனுக்கு உன்னைப் பிடிச்சுதான் இருந்துச்சாம். அம்மா பேச்சைத் தட்ட மாட்டானாம். பக்தியான பையன்னு வேற சொல்றா."

"உன் வேண்டுதல் இருந்துச்சே, அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று முதல்முறையாக அப்பா வாய்திறந்தார்.

"சொல்லியிருந்தா பையன் வேண்டாம்னுருப்பான்," என்று அத்தையே பதிலும் சொன்னாள். பிறகு செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா மதியத்துக்கு ரசம் வைத்தாள். அப்பாவுக்கும் எனக்கும் கறிக்குழம்பு தனியாக இருந்தது. வேண்டுதல் உடைந்துவிட்டதே, இனி நீயும் சாப்பிடலாமே என்று சொல்ல நினைத்தேன். அதை எப்படிச் சொன்னாலும் அடி போலத்தான் விழும் என்று தோன்றியது. அவள் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். திடீரென்று என்னைப் பார்த்தாள்.

"அந்த பர்கரு நல்லாவாச்சும் இருந்திருக்கலாம்டி," என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.