மைக் அக்காவின் புதன்கிழமை

மைக் அக்காவுக்குப் பேச்சுதான் பிழைப்பு. வாரம் முழுக்கக் குடிநீர் அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வராதவர்களின் வசவை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். ஞாயிறானால் சபையின் கடைசி வரிசையில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, போதகரின் குரலை ஏற்றி இறக்குவாள். போதகர் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

கணவர் இறந்த வருஷம் அவளுக்கு ஜெபம் வற்றிப்போனது. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. ஒரு புதன்கிழமை மாலை சபையின் பின்னறையைக் கூட்டிவிட்டு, எதையும் கேட்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போது ஆண்டவர் வந்தார். வெளிச்சமும் இல்லை, குரலும் இல்லை. ஆனால் தான் தனியாக இல்லை என்பது பசி தெரிவதுபோலத் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் அங்கே போய் உட்கார்ந்தாள். நாளடைவில் ஒரு பஸ் டிரைவர், பல் டாக்டரம்மா, இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள்.

விஷயம் கடல் கடந்து தலைமைச் சபையின் காதுக்குப் போனது. அந்த மேல்நாட்டுப் பெரியவர்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல? ஆராதனையை ரயில்வே அட்டவணை ஆக்கி வைத்திருந்தார்கள். பாட்டு, அறிவிப்பு, பிரசங்கம், மறுபடியும் பாட்டு. கடவுளே ஒரு வார்த்தை பேச நினைத்தாலும் முன்பதிவு செய்தாக வேண்டும். வார்த்தையில்லாத ஜெபம் கூடாது என்று அங்கிருந்து உத்தரவு வந்தது.

தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, மனசைக் காலியா வச்சா பிசாசு வந்து குடியேறிடும்னு சொல்றாங்க.”

“காலியா இருந்தா அவருக்கும்தானே இடம் கிடைக்கும்?”

“வம்பு பண்ணாதக்கா. புதன்கிழமையை நிறுத்திடு. இல்லன்னா மைக்கை வேற ஆள்கிட்ட குடுத்துட்டு, உன்னைச் சபையை விட்டே நீக்கச் சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

அவளுக்குச் சபையும் வேண்டும், புதன்கிழமையும் வேண்டும். “ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சொல்றேன்டா” என்றாள்.

அந்த ஞாயிறு, பாட்டு முடிந்து தம்பி ஜெபத்துக்கு வரும்வரை மைக் இரையாமலிருக்க, வழக்கம்போல ஒலியை இறக்கினாள். கண்ணை மூடினாள். மூடியவள் மூடியவள்தான், ஒலியை ஏற்ற மறந்தே போனாள்.

தம்பியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தான். அக்காவின் முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துச் சபை தலைகுனிந்தது. இருமல்கள் அடங்கின. கைக்குழந்தை ஒன்று சிணுங்கி ஓய்ந்தது. யாருக்கும் அசையத் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்தபோது அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாக ஒலியை ஏற்றினாள். தம்பி எழுந்து ‘ஆமென்’ மட்டும் சொன்னான்.

எல்லோரும் போன பிறகு அவன் அவளிடம் வந்தான்.

“மன்னிச்சிருடா, மறந்துட்டேன். மைக்கை வேற யார்கிட்டயாவது குடுத்துடு. புதன்கிழமையை என்னால விட முடியாது.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். “இறையியல் காலேஜ்ல பாலைவனத் துறவிங்களைப் பத்திப் பரீட்சை எழுதினேன்க்கா. அவங்க வாயைத் திறக்காம உக்காந்திருந்ததைப் பக்கம் பக்கமா எழுதி முதல் மார்க் வாங்கினேன். நான் ஒருநாள்கூட உக்காந்து பாத்ததில்ல. இன்னைக்குத்தான் உக்காந்தேன்.”

“மேலிடத்துக்கு என்னடா சொல்லுவ?”

“நீக்கறதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்து நீக்கட்டும்.” அவன் கண் கலங்கியிருந்தது. “புதன்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?”