வெளிக்குப் போதல்

சனிக்கிழமைகளில் எனக்கு நிலத்துக்கு அடியில் வேலை. இத்தாலியில், பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில் நான் இருக்கும் அறையிலிருந்து நடை தூரம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பலேர்மோச் சனம் ஒளிந்திருந்த சுரங்கத்தை இப்போது பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கூட்டித் துடைப்பது நான். சுற்றிக்காட்டுவது ஓர் இத்தாலியப் பெண். நல்ல பிள்ளை, வாய்தான் ஓயாது.

கடைசி மூலையில் கழிப்பிடம். தரையில் ஓட்டை, இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர், முன்னால் கதவில்லை. அங்கே வந்ததும் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எத்தனையோ வருடமாக யாரும் குந்தாத இடத்தில் என்ன மூக்குப் பொத்தல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பங்கருக்குள் ஓட்டைகூட இருக்கவில்லை. வன்னியில், எங்கள் போரின் கடைசி மாதங்களில், நானும் அப்பாவும் கடற்கரை மணலில் வெட்டிய குழி அது. இருக்க ஒரு பால்மாத் தகரப் பேணி, மேலே தூவ மணல். ஷெல் ஓய்கிற நேரம் பார்த்து வெளியே கொண்டுபோய்ப் புதைப்பது என் பொறுப்பு. பேணிக்கு முன்னால், செத்துப்போன அம்மாவின் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தோம். அப்பா அதற்குப் பின்னால் மட்டும்தான் குந்துவார். அதற்கும் நான் உரத்துச் செபமாலை சொல்ல வேண்டும், சத்தம் எனக்குக் கேட்டுவிடக் கூடாது.

பங்கரைச் சுற்றி அடுக்க மண்மூட்டை போதவில்லை. சனமெல்லாம் சேலையை வெட்டித் தைத்து மணல் நிரப்பியது. நானும் அந்தத் திரையை அவிழ்த்துத் தைத்தேன். உயிர் போகிற நேரத்தில் மானம் என்ன மானம் என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரி.

மறுநாள் அப்பாவுக்கு வயிற்றோட்டம்.

"பிள்ளை, நான் வெளிக்குப் போட்டு வாறன்."

"ஷெல் விழுது அப்பா. பேணியிலை இருங்கோ, நான் அங்காலை திரும்பி இருக்கிறன்."

"குமர்ப்பிள்ளைக்கு முன்னாலையோ? உனக்கென்ன விசரே?"

கூச்சமில்லாமல் சொல்ல அவரிடம் இருந்த சொல் அது ஒன்றுதான், வெளிக்குப் போவது. வெளியே தலை காட்டக்கூடாத இடத்திலும் அதையேதான் சொன்னார். சாரத்தைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டு ஏறினார். பத்தடி போயிருக்க மாட்டார், அவர் மேலேயே ஷெல் விழுந்தது. சிதறி வந்ததெல்லாம் மூட்டைகளில் இறங்கியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

போன சனிக்கிழமை என் சேலை ஒன்றைக் கொண்டுபோய், அந்தச் சுவர்களில் இருந்த பழைய ஆணிகளில் கட்டினேன். குந்துகிறவரை மறைக்க அந்த உயரம் போதும். ஏன் கட்டினாய் என்று கேட்டால் எனக்கே தெரியாது. இத்தாலியப் பெண் வந்து பார்த்துவிட்டுத் தன்மையாகத்தான் சொன்னாள்.

"சிஞ்ஞோரா, அப்போது இங்கே திரை இருக்கவில்லை. இருந்தபடியேதான் காட்ட வேண்டும்."

"ஓம், இருக்கேல்லை" என்றேன் தமிழில். அவளுக்கு விளங்கவில்லை. படியில் ஆட்கள் சிரித்துக்கொண்டு இறங்கி வருவது கேட்டது. அவிழ்த்தேன். இரண்டாம் முறையும் திரையை அவிழ்த்தது நான்தான்.