விட்டுப்போன ஐந்து முடிச்சு

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வடக்கனந்தலில் மாடி வீடு கட்டினேன். மலைமேல் கரியாலூரிலிருந்து இறங்கி வந்த நாற்பது பேரை வைத்துக் கரும்பு வெட்டும் கூட்டம் நடத்தினேன். முதல் போர்வெல்லில் வெறும் புகை வந்தது; அசராமல் இரண்டாவது போட்டுத் தண்ணீர் எடுத்தேன். எனக்குப் பெண் கொடுக்க மறுத்தவரின் வாசல் வழியாகவே என் டிராக்டரை ஓட்டிப் போனேன். மகளைப் படிக்க வைத்தேன். அவள் இன்று லேப்டாப்பிலேயே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். மூன்று மாதம் போர்ச்சுகல், மூன்று மாதம் ஜார்ஜியா, மீதி நம் வீடு.

இத்தனையும் செய்தவன் போன மாசியில் ஒரு சணல் கயிற்றைப் பார்த்து நடுங்கினேன்.

வரி வருடம் ஒன்றில் நூற்று எண்பத்திரண்டு நாள் இங்கே தங்கிவிட்டால், மகளுடைய வெளிநாட்டுச் சம்பளம் முழுவதும் இங்கேயும் வரிக்கு வந்துவிடும். அங்கே ஏற்கெனவே வரி பிடித்தாகிவிட்டது. நாட்களை எண்ண அவள் உட்கார்ந்தபோது, நான்தான் வேண்டாம் என்றேன். கூலியாட்களுக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டே ஆயுசு முழுக்க ஆள்கணக்கு வைத்தவன், ஒரு நாள் பிசகியதில்லை என்று மார்தட்டினேன். அவள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முடிச்சு. என்னை நம்பி, நூற்று எண்பத்தோராவது முடிச்சுக்கு மறுநாள் புறப்பட டிக்கெட் போட்டாள்.

நூற்று எழுபத்து மூன்றாவது முடிச்சைப் போடும்போதுதான் நெஞ்சில் இடித்தது. என் கூட்டத்தில் பாதியில் வந்தவனுக்கும் பாதியில் போனவனுக்கும் முடிச்சு கிடையாது. முழு நாள்தான் நாள். கை பழகின பழக்கம். அவள் வந்து இறங்கிய நாளுக்கும் கிளம்பிய நாளுக்கும் நான் முடிச்சே போடவில்லை. இந்த வரி வருடத்தில் மூன்று முறை வந்தாள், இரண்டு முறை போனாள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. கயிற்றை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். என் வாயால் என் பெண்ணைக் கெடுத்தேனோ என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. அவளுடைய ஆடிட்டர் கயிற்றைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"எறங்குன நாளும் ஒரு நாளுங்க பெரியவரே, கெளம்புற நாளும் ஒரு நாளுங்க," என்றார். "இன்னியோட நூத்தி எழுபத்தெட்டு. இன்னும் மூணு நாள்ல அவங்க விமானம் ஏறியாவணும்."

வீட்டுக்கு வந்தேன். கயிற்றை அவள் மடியில் போட்டுவிட்டு, விட்டுப்போன ஐந்து நாளை விரல் விட்டுச் சொன்னேன்.

"இன்னாப்பா நீ, உன் கணக்குல என்னிய வரிக்குள்ள தள்ளியிருப்பியே."

அப்போதே டிக்கெட்டை மாற்றினாள். இரண்டாம் நாள் காலையில் காரில் ஏற்றினேன். அவள் குடியேற்றச் சோதனை தாண்டிவிட்டதாகப் போன் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். நூற்று எண்பதாவது நாள் அது.

இப்போது சொந்தக்காரர்களிடமெல்லாம், அப்பா கணக்கு கவிழ்க்கப் பார்த்தது, ஆடிட்டர் காப்பாற்றினார் என்று சொல்லிவருகிறாள். கவிழ்க்கப் பார்த்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து நாளைக் கண்டுபிடித்து, யாரும் கூப்பிடாமல் பஸ் ஏறிப் போய்க் கேட்டவன் எவன்? அதையும் அவள் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் பேரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும்.