அண்ணனின் காப்பும் முழங்கைப் பட்டியும்

இன்று பனிச்சங்கேணியிலிருந்து அண்ணன் வந்திருந்தார். வலை வீசும் கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கொஞ்ச நாளாக விறைத்துப்போகின்றன. மணிக்கட்டுக்கு ஒரு பட்டி வாங்கலாமென்று நான்தான் மருந்து விற்கும் பாமசிக்குக் கூட்டிப் போனேன்.

அந்தக் கை மணிக்கட்டில் தீ மிதிக்க நேர்ந்து, மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய காப்புக் கயிறு.

"அதக் கழட்டினாத்தான் பட்டியப் போட்டுப் பாக்கலாம் தம்பி," என்றார் கடைக்காரர் அண்ணனிடம்.

"தீமிதிப்பு முடியுமட்டும் கழட்டேலா," என்றார் அண்ணன்.

சுனாமியில் தோணி போனது. சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபின் எங்கள் அம்மன் கோயிலில் நடக்கும் முதல் தீமிதிப்பு இது.

கடைக்காரர் யோசித்துவிட்டு, "எந்த விரல் விறைக்குது?" என்று கேட்டார். அண்ணன் காட்டினார்.

"அப்ப முழங்கையிலதான் நரம்பு நெரிபடுது போல. மெத்தென்ட முழங்கைப் பட்டி போடுங்க, இறுக்கவேணாம். ராவையில கையை மடிச்சுப் படுக்காதீங்க. குறையாட்டி டொக்டரிட்டக் காட்டுங்க."

காப்பைக் கழற்றியிருந்தால் பிழையான பட்டியோடு வீட்டுக்கு வந்திருப்போம்.

"பாத்தியா, அம்மாள் காட்டித் தந்திட்டா," என்றார் அண்ணன். இவர் என் அண்ணன் என்று கடையில் நின்ற எல்லாரிடமும் சொல்லவேண்டும் போலிருந்தது.

பட்டி கறுப்பிலும் தோல் நிறத்திலும் இருந்தது. நெருப்பில் இறங்கப்போகிற மனிதர் கண்ணாடி முன் நின்று இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தார்.

"மஞ்சள் வேட்டிக்கு எது எடுப்பா இரிக்கும் புள்ள?"

கறுப்பு என்றேன். சரிதானே?