எவன் அடிக்கிறான் என்று கேட்டவர்

தணிகாசலம் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்து சொன்னான்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கல்யாணமோ கருமாதியோ, அண்டா, ஷாமியானா, சேர் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும்.

மரியாதை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். பேங்க் மேனேஜரையும் "இன்னாய்யா" என்றுதான் கூப்பிடுவார்.

எண்பதுகளின் கடைசி. அப்போது நான் அஸ்தினாபுரத்தில் இருந்தேன், கல்யாணமான புதிது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு டியூஷன் சென்டரில் இலக்கியக் கூட்டம் நடக்கும். ஆளாளுக்கு எழுதியதைப் படிப்போம், ஆளாளுக்குப் பாராட்டிக்கொள்வோம்.

தணிகாசலம் அண்ணனும் வருவார். சேர் கொண்டு வந்து போட்டவர், அப்படியே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தவர். பிடிக்கவில்லை என்றால் "இது போர்பா" என்று சபையிலேயே சொல்லிவிடுவார். எல்லோருக்கும் முகம் சுருங்கும்.

என் கணவர் அதற்கு நேரெதிர். வாசலிலேயே நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்வார், பெரியவர்களுக்குச் செருப்பைக்கூட எடுத்துக் கொடுப்பார். "கொடுத்து வச்சவம்மா நீ" என்பார்கள் என்னிடம்.

ஒரு கூட்டத்தில் நான்தான் டீ கொடுத்தேன், இடது கையால். ஒரு மாமி மெதுவாக, "வலது கையால குடும்மா, அதுதானே மரியாதை" என்றார்.

வலது கையைத் தூக்க முடியவில்லை. புடவைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தேன்.

அன்றைக்கு நான் ஒரு கதையும் படித்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டாலே நடுங்குகிற ஒரு பெண்ணைப் பற்றிய கதை. நடை அருமை என்றார்கள், வர்ணனை பிரமாதம் என்றார்கள். கைதட்டினார்கள்.

தணிகாசலம் அண்ணன் எழுந்தார். "கதைய வுடும்மா. கைக்கு இன்னா ஆச்சு? எவன் அடிக்கிறான் உன்ன?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்... உண்மையாகவே எடுத்தேன்.

அதற்குள் தலைவர், ரிடயர்டு ஹெட்மாஸ்டர், குறுக்கே வந்துவிட்டார். "ஒரு பெண்மணிகிட்ட இப்படியா கேக்கிறது? சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்கில்ல?"

கடைசி வரிசையிலிருந்து என் கணவர் எழுந்து கைகூப்பினார். "விடுங்க சார், அண்ணன் யதார்த்தமா கேட்டுட்டார். நான் தப்பா எடுத்துக்கல." அதற்கும் கைதட்டினார்கள்.

அன்று வீட்டில் நடந்ததை எழுதப்போவதில்லை. என் இடது காது அன்றிலிருந்து கேட்பதில்லை. அவ்வளவு போதும்.

உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குக் கோபம் தணிகாசலம் அண்ணன் மேல்தான். வாயை மூடிக்கொண்டு இருந்து தொலைத்திருக்கலாமே என்று அழுதேன்.

அடுத்த மாதம் காதில் பஞ்சோடு போனேன். கேட்டவர்களுக்கெல்லாம் என் கணவரே பதில் சொன்னார், குளிக்கும்போது தண்ணீர் போய்விட்டதாம். "உடம்பப் பாத்துக்கோம்மா" என்றார்கள்.

அண்ணனைக் காணோம். கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். ஆனால் அவர் கடைச் சேர்கள் மட்டும் வந்திருந்தன, முதுகில் சிவப்புப் பெயின்ட்டில் "தணிகாசலம்" என்று எழுதிய சேர்கள். அவற்றில்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் எதிர்வீட்டில் காதுகுத்து முடிந்து, பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போக அண்ணன் வேனோடு வந்திருந்தார்.

எங்கள் வீட்டுச் சத்தம் தெருவுக்கே கேட்டது. அக்கம்பக்கத்தில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். அடுத்தவர் குடும்ப விஷயம் அல்லவா...

உதடு கிழிந்து வாசலுக்கு ஓடி வந்தேன். பின்னாலேயே என் கணவர். வேனைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. சிரித்தார். "அடடே, வாங்கண்ணா! உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்."

"உன் காபிய நீயே குடி" என்றார் அண்ணன். என்னைப் பார்த்தார். "யம்மா, வண்டி கீது. ஏறிக்கிறியா?"

ஏறிவிட்டேன். செருப்புகூடப் போடவில்லை.

என் கணவர் நகரவில்லை. தெருவே டிவியை அணைத்துவிட்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்ததே! கூப்பிய கையோடு சத்தமாகச் சொன்னார், "பத்திரமா கூட்டிட்டுப் போங்கண்ணா."

எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை போனேன். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செங்கல்பட்டில் அக்கா வீடு. ரயில் ஏறும்போது நன்றி சொல்லப் போனேன். "இன்னாத்துக்கு அதெல்லாம்? போ, போ" என்று துரத்திவிட்டார்.

பின்னாளில் என் கணவர் அந்தக் கூட்டத்துக்குச் செயலாளர் ஆனார். பண்பாளர் என்று பொன்னாடை போர்த்தினார்களாம். கேள்விப்பட்டபோது வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது.

இன்று ராஜகீழ்ப்பாக்கம் போனேன். தெருவில் ஷாமியானா, அவருடைய சேர்கள். இப்போது பிளாஸ்டிக், ஆனால் முதுகில் அதே சிவப்புப் பெயர்.

யாரும் வாங்க என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்ல மாட்டார்கள்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குத் தெரியாததில்லை... ஆனால் என் வாயால் நான் சொன்னதே இல்லை.

கண்ணாடி மேல் வலது கையை வைத்துச் சொன்னேன். "கடைசி வரிசையில உக்காந்திருந்தாரே, அவர்தாண்ணா."

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன், அண்ணா.