மூன்று சுழி போடாத டெண்டர்

டெண்டர் எழுதிக் கொடுப்பவனும் கல்யாணத் தரகரும் ஒன்று: எல்லா வீட்டு ரகசியமும் தெரியும், ஒன்றையும் வெளியே சொல்லக் கூடாது. அரசாங்கப் படிவத்தோடு ஒருமுறையாவது மல்லுக்கட்டியவர்கள் என் மேல் கொஞ்சம் இரக்கப்படுவீர்கள். எட்டாவது வரை தமிழ், அப்புறம் இங்கிலீஷ், பிறகு பதினெட்டு வருஷம் வெளிநாடு. திரும்பி வந்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன். இரண்டு மொழியும் தெரிந்தவன் என்று பேர்.

தோழிங்க

விடுதி மாணவர்களுக்கு ஷூ வாங்க ஓர் அலுவலகம் டெண்டர் விட்டது. சப்ளையர் குமரேசன் மூன்று கம்பெனிகளின் லெட்டர்பேடோடு வந்தார். ஒன்று அவருடையது, மற்ற இரண்டும் தோஸ்துகளுடையது. அவர் விலை கம்மி, மற்ற இரண்டிலும் ஜாஸ்தி. அடுத்த வருஷம் முறை மாறி, தோஸ்து ஒருவர் விலை கம்மியாகும். மூன்றையும் நானே தட்டினேன். போட்டி என்றால் அவரவர் விலையை அவரவர்தானே சொல்ல வேண்டும் என்று மெதுவாகக் கேட்டேன். "இன்னா சார் நீங்க, கல்யாணப் பொண்ணு தோழிங்க இல்லாம தனியாவா மேடை ஏறும்?" என்றார்.

யார் கை

அதே டெண்டருக்கு மாதனூரிலிருந்து செல்வி வந்தார். ஷூ கம்பெனி வேலையை விட்ட பத்துப் பெண்களைச் சேர்த்து, தகரக் கொட்டகையில் தைக்கிறார். இந்த ஆர்டர் இல்லையென்றால் கொட்டகையை மூடிவிட்டு எல்லோரும் மறுபடி கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான். மாதிரிக்கு ஒற்றை ஷூவைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவர் விலை குமரேசனுடையதைவிடக் கம்மி. குமரேசனின் மூன்று லெட்டர்பேடு விஷயத்தைச் சொல்லாமல் இவருடையதையும் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுத்தேன்.

'அனுபவம் போதாது' என்று தள்ளிவிட்டார்கள். அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்து, காய்ப்பு ஏறிய விரல்களை விரித்துக் காட்டினார். "பதினாறு வருஷம் தெச்சிருக்கேன். அனுபவம் இல்லன்னா, இது யார் கைணா?"

ஒரே வாத்தியார்

சட்டமன்றக் குழு மாவட்டத்துக்கு வருகிறது, மனு கொடுக்கலாம் என்று பேப்பரில் போட்டிருந்தது. செல்விக்கு மனு எழுதிக் கொடுத்து, கலெக்டர் ஆபீசுக்குக் கூடவே போனேன். குழுவில் இருந்த எம்.எல்.ஏ. அம்மா ஒருவர் கோப்பை வரவழைத்துப் புரட்டினார். சட்டென்று சிரித்தார். மூன்று உறையிலும் 'மாணவர்களுக்கான காலனி' என்றிருந்தது. காலில் போடுகிற காலணிக்கு மூன்று சுழி ண. நான் தட்டியது குடியிருக்கிற காலனி. அதிகாரி பக்கம் திரும்பினார். "ஷூ கேட்டா மூணு கம்பெனியும் ஊரையே சப்ளை பண்றேங்குது. மூணு பேருக்கும் ஒரே வாத்தியாரா சார்?"

நாலாவது உறை

அடுத்து செல்வியின் உறையைப் பிரித்தார். அதிலும் காலனி. சிரிப்பு நின்றுவிட்டது. செல்வியும் அவர்கள் ஆளா என்று அந்தம்மா கேட்க, செல்வி என்னைப் பார்த்தார். எழுந்தேன். நாலையும் தட்டியவன் நான், பிழை என்னுடையது, மூன்றுக்கு விலை சொன்னது ஒரே ஆள், நாலாவதுக்கு மட்டும் இவரே சொன்னார் என்றேன். டெண்டரை ரத்து செய்து மறுபடி விடப் பரிந்துரை எழுதச் சொல்லிவிட்டு, அந்தம்மா என்னிடம் சொன்னார்: "இத அன்னிக்கே சொல்லியிருந்தா இவங்க இவ்ளோ தூரம் வந்திருக்க வேணாமே."

மடித்த தாள்

மறு டெண்டருக்குச் செல்வி தானே கையால் எழுதிக் கொண்டுவந்தார். பிழை மட்டும் பார்க்கச் சொன்னார். காலணி வந்த இடமெல்லாம் ண குண்டு குண்டாக, மூன்று சுழியோடு. தாளின் அடிப்பக்கத்தை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார். அது என்ன என்றேன். "விலைணா. உங்க மேல கோவம் இல்ல. ஆனா அத நீங்க பாக்க வேணாம்."

ஆர்டர் செல்விக்குக் கிடைத்தது, குமரேசன் என் கடைப்பக்கம் வருவதில்லை, எனக்கு நாற்பத்தெட்டு வயதில் மூன்று சுழி வந்திருக்கிறது.