மூச்சு வாங்க மலைக்குப் போனோம்

மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை உளுந்தூர்பேட்டையிலிருந்து கிளம்பினோம், நானும் என் வீட்டுக்காரர் சேகரும். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை அவருடையது. நாள் முழுக்கப் புகையும் புழுதியும்தான். இரண்டு வருஷமாக ஆஸ்துமா. "கொஞ்ச நாள் அந்தக் காத்தை விட்டுத் தள்ளி இருந்து பாருங்க" என்றார் டாக்டர். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில், என் தோழி வசந்தா டீச்சராக இருக்கிறாள். அவள் வீட்டுக்குத்தான் பயணம்.

எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி. இட்லி சாப்பிட்டோம், வசந்தாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வாடகைக் கார் பிடித்தோம். டிரைவர் பெயர் ரவி. கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் வந்ததும் சேகர் கண்ணாடியை இறக்கினார். "காத்து நல்லா இருக்குது இல்ல?" என்றார்.

மலை ஏறத் தொடங்கிச் சில வளைவுகள்தான் போயிருப்போம். சரிவு முழுக்கக் காய்ந்த புல் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றுவதற்குள் புகை உள்ளே வந்துவிட்டது. முதலில் இருமினார். பிறகு நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம்.

"இன்னாங்க, முடியலையா?"

கையை மட்டும் அசைத்தார். முன்பக்கம் சாய்த்து உட்காரவைத்து இன்ஹேலர் அடித்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தேன். உதடு வெளுத்துக்கொண்டே போனது.

"ரவி, வண்டியத் திருப்புப்பா."

"மேல போயிட்டா புகை இருக்காதுக்கா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

சேகரும் மேலேதான் கை காட்டினார். நான் ரவியின் தோளைத் தட்டினேன்.

"மேல எரியுதோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? கீழ நல்லா இருந்தத கண்ணால பாத்துக்கினுதான வந்தோம். திருப்பு."

அந்தக் குறுகலான சாலையில் முன்னும் பின்னுமாக ஒடித்துத் திருப்பினான் ரவி. கச்சிராயபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் உடனே நெபுலைசர் வைத்தார்கள். அவர் சட்டைப் பொத்தான் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து முகமூடியை நகர்த்திவிட்டு, "பூவ கார்லயே வுட்டுட்டு வந்துட்டியே" என்றார். முழுசாக ஒரு வாக்கியம்! அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம். தீ அணைந்து புகை கலைந்துவிட்டதாக மறுநாள் மதியம் வசந்தா போன் செய்தாள். அங்கிருந்த டாக்டரும் போகலாம் என்றார். மேலே நான்கு நாள் இருந்தோம். வீட்டில் தலையணையை அடுக்கிச் சாய்ந்தே தூங்குபவர், அங்கே மல்லாந்து படுத்துத் தூங்கினார். வசந்தா வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் நிற்காமல் ஏறினார். ஆனாலும் காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது, எந்தச் சரிவிலாவது புகை தெரிகிறதா என்றுதான். பனிமூட்டத்தைப் பார்த்துக்கூட ஒருநாள் பதறினேன்.

புதன்கிழமை சாயங்காலம் உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் இறங்கினோம். பக்கத்தில் நின்ற பஸ் கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. குளத்தில் முங்கப் போகிறவர் மாதிரி சேகர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பஸ் போய், புகை கலைந்து, அவர் மெல்ல மூச்சு விட்டார். நானும் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.